ஏன் வாங்கின சேலை?

(மொழியியல் முதுகலை, ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கல்யாண வீட்டில் பெண்கள் கூடியிருக்கும் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் காது கொடுங்கள். இது எங்கே வாங்கின சேலை? எப்போ வாங்கின சேலை? எவ்வளவுக்கு வாங்கின சேலை? யார் எடுத்துக் கொடுத்த சேலை? எதுக்கு எடுத்த சேலை, வளைகாப்புக்கா? இப்படிக் கேள்விகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு கேள்வி மட்டும் விழாது. "இது ஏன் வாங்கின சேலை?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். காரணம் தெரிந்துகொள்ளும் ஆசை இல்லாமல் இல்லை. அது நிறையவே இருக்கும். ஆனால் அதைக் கேட்க வாக்கியத்தையே மாற்றிப் போட்டு, "இந்தச் சேலையை ஏன் வாங்கினே?" என்பார்கள்.

எங்கே, எப்போது, எவ்வளவு, யார், எதுக்கு எல்லாம் நுழையும் இடத்தில் 'ஏன்' மட்டும் நுழையவில்லை. இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் படித்த எந்தப் பள்ளி இலக்கணப் புத்தகத்திலும் இது இல்லை. உங்கள் அம்மா, "ஏன் வாங்கின சேலை என்று சொல்லாதே" என்று ஒரு நாளும் திருத்தியிருக்க மாட்டார். நீங்கள் தப்பாகச் சொன்னால்தானே திருத்துவதற்கு! நான்கு வயதுக் குழந்தைகூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

உங்கள் பாடத்திட்டத்தில் 'உயர்நிலைத் தொடரியல்' என்றொரு தாள் இருக்கிறது. துறைக்குள் நுழைந்த முதல் வாரமே மூத்த மாணவர்கள் பயமுறுத்தி வைத்திருப்பார்கள். அந்தத் தாளில் என்ன செய்கிறோம் என்பதை இந்தச் சேலையை வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

1967இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் ராபர்ட் ராஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் முனைவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1957இல், அவருடைய ஆசிரியர் நோம் சாம்ஸ்கி 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டிருந்தார். இளநிலை மாணவர்களுக்கு எடுத்த பாடக்குறிப்பிலிருந்து வளர்ந்த புத்தகம் அது. மொழியில் சொற்களை இடம் மாற்றும் விதிகள் உண்டு என்பது அதன் வாதங்களில் ஒன்று. ஆங்கிலத்தில் கேள்விச்சொல் தன் இடத்தை விட்டு வாக்கியத்தின் தலைக்குப் போய் உட்காரும். ராஸ் கேட்டது வேறு கேள்வி. எங்கிருந்து வேண்டுமானாலும் அது அப்படிப் புறப்பட்டுவிட முடியுமா?

முடியாது என்று அவர் காட்டினார். வாக்கியத்துக்குள் சில பகுதிகளுக்கு 'தீவு' என்று பெயர் வைத்தார். உள்ளே இருக்கும் சொல் கரையைத் தாண்டி வெளியே வர வழி கிடையாது. நாம் பெயரெச்சத் தொடர் என்கிறோமே, 'நீ வாங்கின சேலை' என்பதில் வருகிற 'நீ வாங்கின', அதற்கு ஈடான ஆங்கிலத் தொடர் அப்படிப்பட்ட தீவுகளில் ஒன்று. "வேர் இஸ் திஸ் த சாரி தட் யூ பாட்?" என்று ஓர் ஆங்கிலேயரிடம் கேட்டுப் பாருங்கள், முழிப்பார். நம் கல்யாண வீட்டில் நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கும் கேள்வியை அந்த மொழியில் அப்படிக் கேட்கவே முடியாது.

இதற்கு உடனே ஒரு பதில் தோன்றும். தமிழில் கேள்விச்சொல் எங்கேயும் போவதில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே தமிழுக்குத் தீவும் இல்லை, கரையும் இல்லை. நான் முதுகலை படித்தபோது தேர்வில் இப்படித்தான் எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. அப்படியானால் 'ஏன்' எதற்காகத் தடுக்கி விழுகிறது? நகராத சொல்லுக்குக் கரை எதற்கு?

இதே சிக்கல் சீன மொழியிலும் உண்டு. அங்கேயும் கேள்விச்சொல் இருந்த இடத்திலேயே இருக்கும். 1982இல் ஜேம்ஸ் ஹுவாங், அதே எம்.ஐ.டி.யில், சீனத்தை வைத்து ஆய்வேடு எழுதினார். சீனத்திலும் 'யார்', 'என்ன' என்பவை பெயரெச்சத் தொடருக்குள் நிம்மதியாக இருக்கின்றன; 'ஏன்' இருக்க முடியவில்லை. இதிலிருந்து ஹுவாங் துணிச்சலாக ஒரு முடிவுக்கு வந்தார். சீனத்திலும் கேள்விச்சொல் நகர்கிறது, அந்த நகர்வு காதுக்குக் கேட்பதில்லை. ஒலியாக வெளிவரும் வாக்கியத்துக்கு அப்பால், பொருள் கணக்கிடப்படும் தளத்தில் அது நடக்கிறது. அங்கே சில சொற்களுக்குக் கரையைக் கடக்க அனுமதி இருக்கிறது, 'ஏன்' போன்றவற்றுக்கு இல்லை.

கண்ணுக்குத் தெரியாத நகர்வு என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் சிரிப்பவர் 'எங்கே வாங்கின சேலை', 'ஏன் வாங்கின சேலை' என்ற இரண்டின் வேறுபாட்டுக்கு வேறொரு விளக்கம் தர வேண்டும். அதைத் தேடித்தான் ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம்.

தமிழ் இதில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. 'ஏன்', 'எதுக்கு' இரண்டும் பல இடங்களில் ஒன்றுபோல வரும். "ஏன் வந்தே?" என்றாலும் "எதுக்கு வந்தே?" என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பெயரெச்சத்துக்குள் போட்டால் பிரிந்துவிடுகின்றன. "எதுக்கு எழுதின கடிதம் இது?" என்பது நல்ல தமிழ். "ஏன் எழுதின கடிதம் இது?" என்பதை வாய் சொல்ல மறுக்கிறது. 'எதற்கு' என்பதைப் பிரித்தால் உள்ளே 'எது' என்ற பெயரும் நான்காம் வேற்றுமை உருபும் இருக்கின்றன. 'எங்கே', 'எப்போது' என்பவையும் இடம், காலம் என்ற பெயர்களுக்குப் பதிலாக நிற்பவை. 'ஏன்' என்பதற்குள் தோண்டினால் பெயர் எதுவும் அகப்படாது. பதில் சொல்லும்போதும் இது தெரியும். "எதுக்கு எடுத்த சேலை?" என்றால் "பொங்கலுக்கு" என்று ஒரு பெயரில் முடித்துவிடலாம். "ஏன் வாங்கினே?" என்றால் கதை சொல்ல வேண்டும்.

'எப்படி' எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். "இது எப்படிச் செஞ்ச குழம்பு?" திங்கட்கிழமை எனக்குச் சரியாகப் படுகிறது. வெள்ளிக்கிழமை படுவதில்லை. இப்படிப்பட்ட வாக்கியத்துக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுவது எங்கள் வழக்கம். நிச்சயமாக ஏற்க முடியாததற்கு நட்சத்திரக்குறி. "இதுக்கு ஸ்டார் போடலாமா சார்?" என்ற கேள்வி உயர்நிலைத் தொடரியல் வகுப்பில் மணிக்குப் பத்துத் தடவை கேட்கும்.

அந்த நட்சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சான்றோர் என்ன சொன்னார்களோ அதைத் திரட்டி விதி செய்வது அந்த வழி. தொடரியல் வகுப்பில், யாரும் சொல்லாத, சொல்லவே மாட்டாத வாக்கியத்தை வேலை மெனக்கெட்டு உருவாக்கி, அது எங்கே உடைகிறது என்று பார்க்கிறோம். நூலகம் முழுவதையும் கணினியில் ஏற்றித் தேடினாலும் 'ஏன் வாங்கின சேலை' கிடைக்காது. கிடைக்காத இன்னும் பல்லாயிரம் வாக்கியங்கள் நல்ல வாக்கியங்களாகவே இருக்கும், யாரும் சொல்ல நேரவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்ட மனிதக் காது ஒன்று வேண்டும்.

இதைச் சொன்னதும் நம்மவர்களிடமிருந்து இரண்டு விதமான குரல் வரும். இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்பது ஒன்று. எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டு பேரும் சொல்லதிகாரத்தைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். பிரித்துப் பார்த்தால் அங்கே 'வழு' என்ற கருத்து இருப்பது தெரியும். எது பிழை, எந்தப் பிழையை ஏற்றுக்கொள்ளலாம் என்பதைத் தொல்காப்பியர் விரிவாகப் பேசுகிறார். நட்சத்திரக்குறிக்கு அது தூரத்துச் சொந்தம்.

வினையெச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வாய்பாடுகளைச் சொல்லிவிட்டு, அவற்றில் முதல் மூன்றான செய்து, செய்யூ, செய்பு என்பவை தமக்குரிய வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்கிறார் தொல்காப்பியர். அதாவது எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். "ராமன் வந்து சாப்பிட்டான்" என்றால் வந்தவனும் சாப்பிட்டவனும் ஒருவனே. "ராமன் வந்து சீதை சாப்பிட்டாள்" என்பதற்கு நாம் ஸ்டார் போடுவோம். அதோடு அவர் நிறுத்தவில்லை. எச்சம் ஓர் உறுப்பின் வினையாக இருந்தால், முற்று அந்த உறுப்பை உடைய முதலின் வினையாக இருக்கலாம் என்று அடுத்தபடி விலக்கும் சொல்கிறார். "மாடு கால் ஒடிந்து விழுந்தது." ஒடிந்தது கால், விழுந்தது மாடு. விதியைச் சொல்லி, விதியை முறிக்கும் வாக்கியத்தைத் தேடிப் பிடித்து, அதற்கும் வழி செய்தவர் எங்கள் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்.

ஆனால் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை. "கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது." போனது கரண்ட், நின்றது மோட்டார். மோட்டாரின் உறுப்பு அல்ல கரண்ட். இருந்தும் வாக்கியம் சரி. "மழை பெய்து குளம் நிரம்பியது" என்பதும் சரி. அப்படியானால் காரணம், விளைவு என்ற உறவு இருந்தால் எழுவாய் வேறாகலாம் என்று விதி எழுதலாமா? எழுதிவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள்: "கரண்ட் போய்ப் பையன் மெழுகுவர்த்தி ஏற்றினான்." காரணமும் விளைவும் இருக்கின்றன, வாக்கியம் நொண்டுகிறது. மோட்டார் நிற்பதும் குளம் நிரம்புவதும் தாமாக நடப்பவை. மெழுகுவர்த்தி ஏற்றுவது ஒருவன் நினைத்துச் செய்வது. முற்றுவினையில் மனம் வைத்துச் செய்பவர் ஒருவர் வந்துவிட்டால் எச்சத்துக்கும் அவரே எழுவாயாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் காதின் தீர்ப்பு. வீட்டுக்குப் போய் இதை உடைக்க முயலுங்கள். உடைந்தால் எனக்கு எழுதுங்கள்.

நான் மாணவனாக இருந்த இடத்தில் ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் தமிழ் வாக்கியம் ஒன்றுகூட ஏறவில்லை. பாடநூலில் இருக்கும் ஆங்கில வாக்கியங்களுக்கு, அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் ட்ரீ போடுவோம். தமிழில் ஒன்று போடட்டுமா என்று கேட்டேன். "முதலில் இங்கிலீஷை முடி" என்றார் ஆசிரியர். ஆங்கில ட்ரீ வலப்பக்கமாகச் சரிந்து இறங்கும். விடுதி அறையில் ரகசியமாகத் தமிழுக்குப் போட்டுப் பார்த்தபோது அது இடப்பக்கமாகச் சரிந்தது. 'அப்பா வாங்கிக் கொடுத்த பேனாவைத் தொலைத்த பையன் அழுதான்' என்ற வாக்கியத்துக்குள் நோட்டின் இடது ஓரம் தீர்ந்துவிட்டது. தாளைத் திருப்பி வைத்துப் போட்டேன். ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவனுக்கு இந்த இடநெருக்கடி வந்திருக்காது. ஆங்கில வாக்கியத்துக்கு ஸ்டார் போடும்போது என் காதை என்னால் நம்ப முடியவில்லை, புத்தகத்தைத்தான் நம்பினேன். 'ஏன் வாங்கின சேலை'க்கு யாரையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

தமிழில் இந்த வேலை நடக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ச. அகத்தியலிங்கம் எழுதிய தமிழ் ஆக்கமுறை இலக்கணத்தை 1967இலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தமிழ்ப் பெயரெச்சத் தொடர்களைப் பற்றி இ. அண்ணாமலை சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதியது 1969. ராஸின் ஏடு வந்து இரண்டே ஆண்டுகள்! மலையாளத்தில் கே. பி. மோகனன் 1980களின் தொடக்கத்தில் எழுவாய் என்றால் என்ன என்பதையே மறுபடி கேட்டார். அவர் வேலை செய்தது சாம்ஸ்கியின் கோட்பாட்டில் அல்ல; ஜோன் பிரெஸ்னனும் ரொனால்ட் கப்ளானும் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த எல்.எஃப்.ஜி. என்ற வேறொரு கோட்பாட்டில். எச்.பி.எஸ்.ஜி. என்றும் ஒன்று உண்டு. சாம்ஸ்கியே 1981இல் ஒரு கட்டடம் கட்டி, 1995இல் அதில் பாதியை இடித்துவிட்டு மினிமலிசம் என்றார். இந்தப் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். வரைபடங்கள் மாறும். மினிமலிசத்துக்கு முன்பும் 'ஏன் வாங்கின சேலை' தவறு, பின்பும் தவறு.

ஒருவருடைய காதை மட்டும் நம்பி ஓர் அறிவியலா என்ற கேள்வி நியாயமானது. 2013இல் ஜான் ஸ்ப்ரவுஸ், கார்சன் ஷூட்ஸ், டியகோ அல்மேய்டா மூவரும் அதைச் சோதித்தார்கள். 2001 முதல் 2010 வரை 'லிங்குவிஸ்டிக் இன்குவைரி' என்ற ஆய்விதழில் வந்த தீர்ப்புகளிலிருந்து 148 ஜோடிகளைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பொதுமக்களிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய 95 விழுக்காடு ஒத்துப்போனது. ஆங்கிலத்துக்குச் சரி. தமிழ்த் தீர்ப்புகளை அந்த அளவில் யாராவது சோதிக்க வேண்டும். இந்த அறையில் இருப்பவர் ஒருவர் செய்தால் சந்தோஷப்படுவேன்.

இன்னொரு ஆபத்து நம் காதிலேயே இருக்கிறது. தவறான வாக்கியத்தை ராத்திரி பூராவும் சொல்லிக்கொண்டிருந்தால் விடியும்போது அது சரியாகிவிடும். வில்லியம் ஸ்னைடர் 2000இல் இதைச் சோதனை வைத்தே காட்டினார். சில தீவுகளின் கரைகள் திரும்பத் திரும்பக் கேட்டால் கரைகின்றன. எனக்கு இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. திருநெல்வேலியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன் போடுவேன். இந்த உரைக்குத் தயார் செய்தபோதும் 'ஏன்' விஷயத்தில் குழம்பிப்போய் அவரிடம்தான் கேட்டேன். "ஏன் வாங்குன சேலைன்னு கேக்கலாமா பெரியம்மா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்படி யாருல கேப்பா? ஏன் வாங்குனன்னு கேட்டுட்டுச் சேலைய அப்புறமாச் சொல்ல வேண்டியதுதான" என்றார். கேள்விச்சொல்லைத் தீவுக்கு வெளியே எடுத்துவிட்டார். அவர் ஹுவாங்கைப் படித்ததில்லை.

கடைசியாக ஒரு வாக்கியம். இது எனக்கும் சரியாகப் பிடிபடாதது. உங்கள் உதவி வேண்டும்.

மாலா ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டாள். அவள் சொன்னதை நான் உங்களிடம் சொல்கிறேன். "மாலா, தான் ஜெயிச்சேன்னு சொன்னா." 'மாலாதான்' என்று சேர்த்துப் படித்துவிடாதீர்கள், அது வேறு 'தான்'. மாலாவுக்குப் பின் நிறுத்தி, 'தான்' என்று எழுவாயாகப் படியுங்கள். 'தான்' படர்க்கைக்கு உரியது. 'ஜெயிச்சேன்' தன்மை வினைமுற்று. இரண்டும் எப்படி ஒட்டுகின்றன? அவள் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே சொல்கிறேன் என்றால் 'நான்' என்றல்லவா இருக்க வேண்டும்? மாலா தன்னைத் 'தான்' என்று சொல்லியிருக்க மாட்டாள். ஆகவே இது நேர்க்கூற்று இல்லை. அயற்கூற்று என்றால் 'ஜெயிச்சேன்' யார்? நானா? நான் எதிலும் ஜெயிக்கவில்லை.

பேசுகிறவரைக் குறிக்கும் சொல், சொல்லப்படுகிறவரின் பக்கம் சாய்ந்துவிடும் மொழி இருக்க முடியாது என்று டேவிட் கப்ளான் என்ற தத்துவ அறிஞர் 1970களில் வாதிட்டார். அப்படி ஒன்று இருந்தால் அது பூதம் என்றார். பூதங்கள் இருக்கின்றன என்று எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியை வைத்து பிலிப் ஷ்லெங்கர் 2003இல் எழுதினார். தமிழில் 'தான் ஜெயிச்சேன்' போன்ற வாக்கியங்களை எடுத்து ஆராய்ந்த சந்தியா சுந்தரேசன், இங்கே பூதம் வினைமுற்று விகுதியில் குடியிருக்கிறது என்று காட்டினார். வாக்கியத்துக்குள் ஒரு கேள்விச்சொல்லை வைத்துப் பாருங்கள். "மாலா, தான் எதுல ஜெயிச்சேன்னு சொன்னா?" இதற்கு நீங்கள் "ஓட்டப்பந்தயத்துல" என்று பதில் சொல்ல முடிகிறது என்றால் அது மேற்கோளுக்குள் பூட்டிய வாக்கியமே இல்லை. மறுபடி சேலைக்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

ஆனால் எல்லாத் தமிழருக்கும் இது சரியாகப் படுவதில்லை. "தான் ஜெயிச்சான்னு" என்றுதான் சொல்வோம், 'ஜெயிச்சேன்' என்று வராது என்று சண்டைக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போதே பார்த்துவிடலாம். "தான் ஜெயிச்சேன்னு சொன்னா" என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்லக்கூடியவர்கள் கை தூக்குங்கள்.

(அவையில் ஏறக்குறையப் பாதிப் பேர் கை உயர்த்துகின்றனர்.)

இறக்க வேண்டாம், அப்படியே இருங்கள். பக்கத்தில் கை தூக்காமல் இருப்பவரைப் பாருங்கள். ஒரே பெஞ்சு, ஒரே தமிழ். வாசல் மேஜையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஊரையும், வீட்டில் யாரிடம் அதிகம் பேசி வளர்ந்தீர்கள் என்பதையும், சரி அல்லது ஸ்டார் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். டீ அங்கேதான் இருக்கிறது.